முதல் ஈடு யார் வீட்டுக்கு?

போன வாரம் உத்திரமேரூரிலிருந்து செல்வி போன் பண்ணினாள். என் தலை நரைக்கும்வரை நான் வேலை பார்த்த மிளகாய் மில்லில் இப்போது மிஷின் ஓட்டுகிறவள் அவள்தான். நான் அங்கே அடுப்படியில் சாமான் வறுத்துக்கொண்டிருந்தபோது வேலைக்குச் சேர்ந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். அன்றைக்கும் போனை எடுத்த உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"பெரிம்மா, புது மிஷின் வந்து எறங்கிட்ச்சி. பத்தியப் பொடிக்குன்னே தனி மிஷின். வெள்ளிக்கெழமலேர்ந்து ஓட்டப் போறோம். இனிமே முதல் ஈடு, ரெண்டாம் ஈடுன்ற பேஜாரே கெடையாது. எவங்க எப்ப வந்தாலும் அரச்சிக்கினு போலாம்."

நல்லதுதானே என்றேன். மனசுக்குள் என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "உன் கொரல் ஏன் ஒரு மாதிரியா கீது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பெரிம்மா. லீவுல இருந்தேன், முந்தாநேத்துதான் வேலைக்கு வந்தேன். வயித்துல இருந்தது தங்கல. ஆறு மாசம்." கரண்ட் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"பத்தியம் சாப்பிடறியா?"

"கொழந்தயே தங்கல, பத்தியம் இன்னாத்துக்கு? வூட்ல ஆக்கறத துன்றேன். ஆளு வந்துட்டாங்க பெரிம்மா, வெக்கறேன்."

வைத்துவிட்டாள். எனக்குத்தான் அந்த 'இன்னாத்துக்கு' காதை விட்டுப் போகவில்லை. இதே வார்த்தையை நான் முன்பு கேட்டிருக்கிறேன். செல்விக்கு யாரும் ஒரு கைப்பிடி பொடி அரைத்துக் கொடுக்கப்போவதில்லை என்பதும் எனக்கு அப்போதே தெரிந்தது. எட்டாவது வரை படித்தவள் நான், எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் தாமல். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஏழுமலை நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். ஒருத்தர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்று மில்லில் சேர்ந்தேன். முதலில் பெருக்கினேன், புடைத்தேன், பை பிடித்தேன். பிறகு அடுப்படியில் நிறுத்தினார்கள். வறுக்க எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், தீய்த்துத்தான் என்று சொல்வேன். ஊர்ச் சனங்கள் திட்டித் திட்டியே என்னை நல்ல வேலைக்காரி ஆக்கிவிட்டார்கள்.

குழம்புத் தூள் என்று பெயர் ஒன்றுதான், வீட்டுக்கு வீடு கணக்கு வேறு. ஒரு வீட்டில் கடுகு போடுவார்கள். இன்னொரு வீட்டில் கடுகு என்று சொன்னாலே சண்டைக்கு வருவார்கள். ஒரு வாத்தியார் மனைவிக்குத் தூள் முகப் பவுடர் மாதிரி இருக்க வேண்டும். சலித்துக் கொடுத்து என் தோள் கழன்றுவிடும். வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டி வறுத்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க நம் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே குழம்பு சாப்பிடுவார்கள்.

எங்கள் மில்லில் இரண்டு மிஷின்கள். ஒன்று அரிசிக்கு, ஒன்று மிளகாய்க்கு. மிளகாய் மிஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு தட்டினாலும் முன்னால் அரைத்தவருடைய தூளில் ஒரு கைப்பிடி உள்ளே தங்கிவிடும். அடுத்து அரைக்கிறவருக்குத்தான் அது போய்ச் சேரும். யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் எல்லாரும் எல்லார் வீட்டுக் குழம்பையும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறோம். வெளியே சொன்னால்தான் முகத்தைச் சுளிப்பார்கள்.

குழம்புத் தூளுக்கு அது பெரிய விஷயமில்லை. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியப் பொடிக்குப் பெரிய விஷயம். அதில் மிளகாய் கூடாது. அரிசி மிஷினில் போட்டால் மாவெல்லாம் ஓமம் நாறும். மிளகாய் மிஷினில்தான் போட வேண்டும். நான் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் மிஷின்காரர் கன்னியப்பன் கூட்ட நேரத்தில், மிளகாய் அரைத்த கையோடு பத்தியப் பொடியை அரைத்துக் கொடுத்துவிட்டாராம். சாப்பிட்ட பெண்ணுக்கு வாயெல்லாம் எரிச்சல். கைக்குழந்தை வீரிட்டு அழுதிருக்கிறது. முதலாளியம்மா புதுப் பொடியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாராம். திரும்பி வந்து ஒரு சட்டம் போட்டார். காலையில் கழுவின மிஷினில் முதல் ஈடு பிள்ளை பெற்ற வீட்டுக்கு. அது முடிந்துதான் மற்றது எதுவும்.

முதலாளியம்மா புருஷன் போன பிறகு தனியாளாக மில்லை நடத்தினவர். வாசல் பக்கம் இரும்பு நாற்காலியில் தோளில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைவு. 'லாரி நிக்குது', 'வேன் நிக்குது', 'ஆபீசர் நிக்கிறாரு' என்று யார் ஓடி வந்து சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "நிக்கட்டும்." ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகு நானே வீட்டில் ஏழுமலையிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "பசிக்குது தனம்" என்பார். "நிக்கட்டும்" என்பேன். அவர் சிரிப்பார்.

முதல் ஈட்டுக்கு ஒரு முறை இருந்தது. கன்னியப்பன் விடிந்ததும் மிஷினைப் பிரித்துக் கல்லை பிரஷ் போட்டுத் தேய்ப்பார். பிறகு பச்சரிசி போட்டு ஓட்டுவார். மாவு முதலில் செம்மண் நிறத்தில் விழும், வர வர வெளுக்கும். வெள்ளையாக விழும்வரை விடமாட்டார். அந்த மாவு கோழிக்கு. பிறகு மிஷின் வாயில் கட்டும் துணிப்பையை மாற்றுவோம். மிளகாய்க்குக் கட்டும் பை சிவந்து விறைத்துப்போய்க் கிடக்கும். பத்தியத்துக்கு வெள்ளைப் பை. அதைத் தினமும் அலசிக் காயப்போடுவது என் வேலை.

வறுப்பதும் அப்படித்தான். தனியா முதலில், நிறம் மாறாமல் கையில் நொறுங்குகிற வரைக்கும். அடுத்து மிளகு, அது வெடிக்க ஆரம்பித்ததும் இறக்க வேண்டும். திப்பிலியும் சீரகமும் சேர்ந்து போகலாம். சுக்கைத் தட்டித்தான் போட வேண்டும், முழுசாகப் போட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். நிழலில் உலர்ந்த கறிவேப்பிலையும் தூதுவளையும் சட்டியில் சலசலவென்று பேசும். ஓமத்துக்கு மட்டும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், சட்டியின் சூடே போதும். கடைசியில் பெருங்காயமும் மஞ்சளும். அரைத்ததும் துணியில் பரப்பி ஆறவிட வேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும். ஆறினதும் முதலாளியம்மா ஒரு துளி எடுத்துக் கீழுதட்டின் உள்பக்கம் தடவிக்கொண்டு கண்ணை மூடுவார். மிளகு தொண்டையில் எரியும், மிளகாய் உதட்டில் எரியும் என்பது அவர் கணக்கு. உதட்டில் எரிந்தால் அந்தப் பொடி மில்லைத் தாண்டாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. சாமான் பை அடுப்படிக்கு வருமுன் முதலாளியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். "முதல் ஈடு யார் வூட்டுக்கு?" கொண்டுவந்தவர்கள் பிள்ளை பெற்றவளின் பெயரைச் சொல்லி, "அவ வூட்டுக்கு" என்பார்கள். வரிசையில் நிற்கிற சனங்களுக்கு அப்போதுதான் சேதி தெரியும். என்ன குழந்தை, யார் ஜாடை என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சத்தத்தோடுதான் எங்கள் மில்லில் பொழுது விடியும். அந்தக் கேள்விக்கு என்றாவது என் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டே ஏங்கியிருக்கிறேன்.

எனக்கும் ஒன்று உண்டானது. ஏழாம் மாதத்திலேயே திப்பிலியும் சுக்கும் வாங்கி டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன், வேலை செய்கிற இடத்துப் புத்தி. எட்டாம் மாதம் வலி வந்து, பெரியாஸ்பத்திரியில் பிறந்தது. பெண். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் அந்த டப்பாவைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. "புள்ளையே இல்ல, பத்தியம் இன்னாத்துக்குடி?" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தார். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். முதலாளியம்மா என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சல்லடைப் பக்கம் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டு, "குந்து" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பிறகு எனக்குக் குழந்தை இல்லை.

வருஷங்கள் ஓடின. ஊருக்கெல்லாம் முதல் ஈடு வறுத்தேன். ஒருநாள் காலை வரிசையில் முன்னால் நின்றது வேதம்மாள், நிலம் நீச்சு உள்ள குடும்பம், மகனுக்குக் கல்யாணம். மிளகாயும் தனியாவும் மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. வெளியே வேன் நின்றது. அவருக்குப் பின்னால், வரிசையில் சேராமல் சுவர் ஓரமாக ஒரு அம்மாள் சாமான் கட்டின துணி முடிச்சோடு நின்றாள். ஏரிக்கரை இருளர் குடியிருப்பைச் சேர்ந்த கன்னியம்மா. வயல் வேலைக்குப் போகிறவள். தூதுவளை, நொச்சி என்று தழை பறித்து எங்கள் மில்லுக்கே கொண்டுவந்து கொடுப்பாள்.

முதலாளியம்மா வழக்கம்போலக் கேட்டார். "முதல் ஈடு யார் வூட்டுக்கு?"

கன்னியம்மா முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு, "எம் பொண்ணு அஞ்சல பெத்துட்டாம்மா. புள்ள தங்கல. அவளுக்குப் பொடி குடுக்கணுமா கூடாதான்னு தெரியல. கேக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

வேதம்மாள் உடனே திரும்பினார். "புள்ளையே தங்கல, அப்புறம் முதல் ஈடு இன்னாத்துக்கு? வண்டி நிக்குதும்மா. எங்களுத அரச்சிட்டு, அப்பால அவளுக்குப் போடுங்க. அவங்க பொடிக்கப்புறம் எங்க மொளகாயப் போட்டா ஒட்டிக்கினு வரும், வேற."

அந்த 'வேற' என்ன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. கன்னியம்மாவுக்கும் புரிந்தது. முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்பால வரேம்மா" என்று திரும்பினாள். என் கையில் சட்டி இருந்தது. இந்தக் கிழவி என்ன சொல்லப்போகிறாளோ என்று முதலாளியம்மாவையே பார்த்தேன். கன்னியம்மா போய்விட்டால் அன்றைக்கு நானும் கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று தோன்றியது.

முதலாளியம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்திருப்பதே அதிசயம்.

"பொடி புள்ளைக்கு இல்ல வேதம்மா. பெத்தவளுக்கு. புள்ள இருந்தாலும் இல்லாங்காட்டியும் பச்ச ஒடம்பு பச்ச ஒடம்புதான்." பிறகு கன்னியம்மாவிடம், "ஒம் பொண்ணு பேரு இன்னா சொன்ன?"

"அஞ்சலம்மா."

"முதல் ஈடு அஞ்சல வூட்டுக்கு."

"வண்டி நிக்குதும்மா!" என்றார் வேதம்மாள்.

"நிக்கட்டும்."

வறுத்தேன். தனியா ஒழுங்காக வந்தது. மிளகு போட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் குந்தியிருந்த கன்னியம்மா, "உனுக்கு இன்னாத்துக்கும்மா கண்ணு கலங்குது?" என்றாள். மிளகு நெடி என்றேன். அவள் நம்பவில்லை. தழை பறிக்கிற கையால் என் முழங்காலை ஒருமுறை தட்டினாள், அவ்வளவுதான். வேதம்மாள் மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றப் பார்த்தார். ஆனால் கல்யாண நேரத்தில் வேறு எங்கே போவது? நின்று அரைத்துக்கொண்டுதான் போனார். கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மத்தியானம் நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா அடுப்படிக்கு வந்தார். வந்து நின்றார். "ஒனக்கு யார்னா அரச்சிக் குடுத்தாங்களா தனம், அப்ப?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "நானும் கேக்கல" என்றார். போய்விட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல மிஷினைக் கழுவி, வெள்ளைப் பை கட்டி முடித்தோம். பத்தியச் சாமானோடு யாரும் வரவில்லை. அந்த மாதிரி நாளில் கன்னியப்பன் நேராக மிளகாய் போட்டுவிடுவார். மிளகாயைக் கொட்டக் கையை உயர்த்தினவரை முதலாளியம்மா நிறுத்தினார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். சுக்கு, திப்பிலி, மிளகு எல்லாம் அவரே கடைவீதிக்குப் போய் வாங்கியிருக்கிறார்.

கன்னியப்பன் குழம்பிப்போய், "யார் வூட்டுக்கும்மா?" என்று கேட்டார்.

"தனம் வூட்டுக்கு."

வரிசை மொத்தமும் என் வயிற்றைப் பார்த்தது. நாற்பதைத் தாண்டினவள் நான். ஒருத்தி களுக்கென்று சிரித்தும்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலாளியம்மா ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். என் பொடியை நானே வறுத்தேன்.

ராத்திரி சாப்பாட்டில் சுடுசோற்றில் அந்தப் பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தேன். ஏழுமலை மோந்து பார்த்துவிட்டு, "இன்னா, பத்தியப் பொடி வாசன வருது?" என்றார். முதலாளியம்மா அரைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். ஏழுமலைதான் எங்கள் குழந்தையைத் துணியில் சுற்றி, புதைக்கத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனவர். அதைப் பற்றி நாங்கள் பேசினதே கிடையாது. தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எனக்கும் ஒரு உருண்ட குடு" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அப்புறம்தான் இருவரும் அழுதோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு வரிசையில் சிரித்தவள் ஒருநாள் சல்லடைப் பக்கம் வந்து, தனக்கும் மூத்தது தங்கவில்லை என்றாள். வாத்தியார் மனைவி வந்தார். ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் என் டப்பா மாதிரி டப்பா இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா போய்விட்டார். ஏழுமலையும் போய்விட்டார். கால் மூட்டு தேய்ந்து, நிற்க முடியாமல் நான் தாமலுக்கு என் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்ததும் காது மட்டும் எதையோ தேடுகிறது. பச்சரிசி ஓடுகிற சத்தத்தையும் அந்தக் கேள்வியையும்தான். தங்கை குழம்புத் தூளைப் பாக்கெட்டில் வாங்குகிறாள், ருசியாகத்தான் இருக்கிறது. இன்னொரு வீட்டுத் தூள் அதில் கொஞ்சமும் ஒட்டியிருக்காது. அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

செல்வி சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், அந்தப் பழைய மிஷினில் கடைசி முதல் ஈடு. தாமலில் முதல் பஸ் பிடித்து, காஞ்சிபுரத்தில் மாறி உத்திரமேரூர் போய் இறங்கினேன். மடியில் பத்தியச் சாமானோடு மஞ்சப்பை. வழியெல்லாம் ஒரே யோசனை. முதலாளியம்மா என் பெயரைச் சொன்னதுபோல நான் செல்வி பெயரை நாலு பேர் நடுவில் சொல்லலாமா? அவள் வீட்டில் விஷயத்தை மூடி வைத்திருப்பார்கள். கூச்சப்படுவாள். சொல்லாமல் அரைத்து ரகசியமாகக் கையில் கொடுத்தால், அது பரணில் போய் உட்கார்ந்துகொள்ளும். இறங்குகிறவரைக்கும் எனக்கு முடிவு தெரியவில்லை.

மில்லில் இப்போது முதலாளியம்மாவின் மகன் இருக்கிறார். நாற்காலி பிளாஸ்டிக். புது மிஷின் மூலையில் பாலித்தீன் உறையோடு நின்றது. செல்வி பழைய மிஷினில் பச்சரிசி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா பெரிம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற!" என்று சிரித்தாள்.

"பத்தியப் பொடி அரைக்கணும்" என்று மகனிடம் பையைக் காட்டினேன். வரிசையில் மிளகாய் மூட்டையோடு இரண்டு மூன்று பேர் நின்றார்கள். வறுக்கிற டிரம்மில் ஒரு கைப்பிடி சாமான் காணாமல் போய்விடும் என்று என் பழைய இரும்புச் சட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அம்மா மாதிரியே குரல் அவருக்கு. பழக்கத்தில் கேட்டார்.

"முதல் ஈடு யார் வூட்டுக்கு?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. செல்வியைப் பார்த்தேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு என் மஞ்சப்பையைப் பார்த்தாள், புரிந்துவிட்டது. மிஷினை நிறுத்தினாள். சத்தம் அடங்க நேரமாயிற்று. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"எங்க வூட்டுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துத் தனியாவைப் போட்டேன். கை மறக்கவில்லை. மிளகு வெடித்தபோது செல்வி அழுதாள். எங்கள் காலத்தில் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, நெடியே நிற்பதில்லை. அவள் சாக்குச் சொல்லாமலே அழுதாள்.

பின்னாலிருந்து ஒருவர், "இன்னும் எம்மாம் நேரம்? வெளிய ஆட்டோ நிக்குது" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓமத்தைச் சட்டியில் போட்டேன்.

"நிக்கட்டும்" என்றேன்.